சிஸ்டருக்கு எதுக்கு போலீஸ் சர்ட்டிபிகேட்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஸ்டாஃப் நர்ஸ். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. நர்சிங் பரீட்சை, இங்கிலீஷ் பரீட்சை எல்லாம் முடித்து, கடைசியில் கேட்டது போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிபிகேட். சுருக்கமாக பி.சி.சி. ஸ்டேஷனிலிருந்து போன் வந்த அன்று அக்கா முகமே சரியில்லை.

"பதினோரு வருஷம் நைட் டியூட்டி பாத்திருக்கேன் தம்பி. ஒரு ஊசி கணக்குல குறைஞ்சதில்ல. நான் என்ன திருடியா? என்னப் பத்தி எதுக்கு ஸ்டேஷன்ல விசாரிக்கணும்?"

நான் பி.காம். படிப்பவன். டெபிட், கிரெடிட் கேட்டால் ஏதாவது சொல்வேன். இதற்கு டக்கென்று பதில் வரவில்லை. "எல்லாருக்கும் கேப்பாங்கக்கா, சும்மா ஃபார்மாலிட்டி" என்று சமாளித்தேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ராத்திரி இரண்டு மணி வார்டு

முதலில் எளிமையான காரணம். ஒரு கம்பெனியில் பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தருவார்கள். அந்த ஆள் திருடன் என்பதால் அல்ல. ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கும்படி வைத்தால் தப்பு நடந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு வார்டை நினைத்துப் பாருங்கள். டாக்டர் வேறு மாடியில் இருப்பார். நோயாளி மயக்கத்தில். கூட இருக்கும் சொந்தக்காரர் வராண்டாவில் பாய் விரித்துத் தூங்குகிறார். டிரிப்ஸ் பாட்டிலில் என்ன மருந்து சேர்க்கிறார்கள் என்று பார்ப்பதற்கு அங்கே இரண்டாவது ஆள் இல்லை. மருந்து அலமாரி சாவி சிஸ்டரிடம். நோயாளியின் நகை, போன், உடம்பு, உயிர் எல்லாமே அந்த நேரத்தில் அவர் பொறுப்பில். வேலை நடக்கும்போது சரிபார்க்க ஆள் இல்லாததால், வேலைக்கு விடும் முன்பே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் என்பதே அதற்குத்தான். நமக்கு அந்த நர்ஸைத் தெரியாது, அரசாங்கம் நமக்குப் பதிலாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அரசாங்கம் எப்படித் தெரிந்துகொண்டது? இங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

குணத்துக்குப் பரீட்சை உண்டா?

19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் மரியாதை கிடையாது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44-ல் எழுதிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் வரும் நர்ஸ் ஒரு குடிகாரி. அந்தப் பெயரை மாற்றியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்துதான் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் உலகம் முழுக்கப் போனார்கள்.

அடுத்த விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நர்ஸ்களை அரசாங்கம் பதிவு செய்து லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்பவர் 1887-ல் சங்கம் தொடங்கி போராடியபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர் அதே நைட்டிங்கேல்! பாடத்தைப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம், குணத்தை எப்படிப் பார்ப்பது என்பது அவர் வாதம். பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவாரா? இன்று நல்லவராக இருப்பவர் பத்து வருடம் கழித்து எப்படி என்று பதிவேடு சொல்லுமா?

சட்டப்படி ஜெயித்தது ஃபென்விக். நியூஸிலாந்து 1901-லேயே நர்ஸ் பதிவுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இங்கிலாந்தில் 1902-ல் மருத்துவச்சிகளுக்கு, 1919-ல் நர்ஸ்களுக்கு. பதிவேட்டில் முதல் பெயர் ஃபென்விக்குடையது. ஆனால் நைட்டிங்கேலின் கேள்வி தோற்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சட்டங்களில் 'நன்னடத்தை' என்ற சொல் வந்தது. பெயரைப் பதிய வேண்டுமென்றால் நன்னடத்தை உடையவர் என்று காட்ட வேண்டும். பி.சி.சி.யின் கொள்ளுத்தாத்தா இந்த ஒரு சொல்தான்.

நம் ஊரிலும் இதே பாதைதான். சென்னையில் 1871-ல் நர்சிங் பயிற்சி வெறும் நான்கு மாணவிகளோடு தொடங்கியது. 1926-ல் மெட்ராஸ் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் பதிவுக் கவுன்சில் இதுதான் என்று நர்சிங் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இந்தியா முழுக்கப் பொதுவான நர்சிங் கவுன்சில் சட்டம் 1947 கடைசியில்தான் வந்தது. அதாவது இந்த விஷயத்தில் டெல்லிக்கு 21 வருடம் முன்னால் மெட்ராஸ்.

கடிதத்தை நம்பிய காலம்

நன்னடத்தையை யார் சொல்வது? பெரும்பாலும் பழைய முதலாளி, பழைய மேட்ரன். ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை நம்பித்தான் அடுத்த ஆஸ்பத்திரி வேலை கொடுக்கும். பல வருடம் இது ஓடியது. அது எவ்வளவு ஓட்டை என்று காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சார்லஸ் கல்லன்.

1987-லிருந்து 2003 வரை நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் ஒன்பது ஆஸ்பத்திரி, ஒரு முதியோர் இல்லம் என்று மாறி மாறி வேலை பார்த்தவர். இதய நோய்க்கான டிகாக்ஸின், இன்சுலின் போன்ற மருந்துகளை அளவுக்கு மீறிக் கொடுத்து நோயாளிகளைக் கொன்றார். 2003 டிசம்பரில் கைது. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட கொலைகள் மட்டும் 29. ('தி குட் நர்ஸ்' என்ற 2022-ம் வருடப் படம் இந்தக் கதைதான். பிடிக்க உதவியதும் கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ்தான் என்பதை மறக்கக் கூடாது.)

ஒரு ஆஸ்பத்திரியில் சந்தேகம் வரும். அவரைப் போகச் சொல்வார்கள். அடுத்த ஆஸ்பத்திரி போன் செய்து கேட்டால், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மேலே ஏதாவது சொன்னால் அவர் கேஸ் போட்டுவிடுவாரோ, ஆஸ்பத்திரி பெயர் கெட்டுவிடுமோ என்று பயம். அப்படியே பதினாறு வருடம்.

இதன் பிறகு நியூஜெர்சி 2005-ல் ஒரு சட்டம் போட்டது. மருத்துவப் பணியாளர்களின் குற்றப் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. பணியாளர் மீது நடவடிக்கை எடுத்தால் ஆஸ்பத்திரி அதை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும், இன்னொரு ஆஸ்பத்திரி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தது.

கலிபோர்னியாவில் வேறு மாதிரி ஓட்டை. அங்கே 1990 முதல் புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களிடம் கைரேகை வாங்கினார்கள். அதற்கு முன்பு வாங்கியவர்களை விட்டுவிட்டார்கள். கோர்ட்டில் பல முறை தண்டனை வாங்கியவர்கள்கூட லைசென்ஸோடு இருக்கிறார்கள் என்று 2008-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸும் புரோபப்ளிகாவும் எழுதிய பிறகுதான் பழைய ஆட்களிடமும் கைரேகை கேட்டார்கள்.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தது ஒரு பள்ளிக்கூடச் சம்பவம். 2002-ல் சோகம் என்ற ஊரில் (ஊர் பெயரே அதுதான்) பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைப் பள்ளிக் காவலாளி ஒருவர் கொன்றார். அவர் மேல் முன்பு வேறு ஊரில் பல புகார்கள் வந்திருந்தன. தண்டனை ஆகவில்லை, அந்தப் போலீஸ் தகவலைச் சரியாக வைத்திருக்கவும் இல்லை. விசாரணை அறிக்கை 2004-ல் வந்தது, புதிய சட்டம் 2006-ல். இன்று அங்கே நோயாளிகளோடு வேலை செய்பவர்களுக்கு நடக்கும் சோதனை இந்த வழியில் வந்தது. 2017 ஏப்ரல் முதல், மருத்துவ வேலைக்கு விசா கேட்கும் வெளிநாட்டவரும் தங்கள் நாட்டுப் போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். திருவொற்றியூர் அக்காவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்த காரணம் இதுதான்.

எழுதினால்தானே இருக்கும்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கல்லன் இத்தனை ஆஸ்பத்திரி மாறிய காலத்தில் அவர் போலீஸ் ரெகார்டை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன இருந்திருக்கும்? 1993-ல் கூட வேலை செய்தவர் வீட்டில் அத்துமீறி நுழைந்த ஒரு வழக்கு. கொலை எதுவும் இருந்திருக்காது.

ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் கதை இன்னும் மோசம். ஓல்டன்பர்க் ஆஸ்பத்திரி அவரை 2002-ல் நல்ல சான்று கொடுத்தே அனுப்பி வைத்தது. அவர் பக்கத்து ஊர் டெல்மன்ஹார்ஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 2005-ல் பிடிபடும் வரை தொடர்ந்தார். 2019-ல் 85 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை.

நம் ஊர்ச் செய்தி ஒன்றும் ஞாபகம் வருகிறது. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் அரசு மருத்துவமனையில் முன்பு வேலை பார்த்த செவிலியர் உதவியாளர் ஒருவர் குழந்தை விற்பனைப் புகாரில் கைது செய்யப்பட்டார். அவருடையது என்று வெளியான ஆடியோவில் முப்பது வருடமாக இதைச் செய்வதாகப் பேசியிருந்தார். அந்தப் பேச்சு உண்மையென்றால், அந்த முப்பது வருடத்தில் எந்த நாள் போலீஸ் ரெகார்டை எடுத்திருந்தாலும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் பாஷையில் சொன்னால், லெட்ஜரில் எண்ட்ரி போட்டால்தான் பேலன்ஸில் வரும். போடாத எண்ட்ரியை எந்த ஆடிட்டரும் லெட்ஜரைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. பின்னணிச் சோதனை என்பது மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படிப்பது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி எழுதவில்லை என்றால் போலீஸுக்குத் தெரியாது. போலீஸுக்குத் தெரியாததை சர்ட்டிபிகேட் சொல்லாது.

கைரேகையின் இன்னொரு கதை

இரண்டு நாள் கழித்து அக்கா உண்மையான பயத்தைச் சொன்னார். "தண்ணி வரலன்னு ரோட்டுல உக்காந்தோமே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ஒரு போலீஸ்காரர் பேரெல்லாம் எழுதிட்டுப் போனாரு. அது கேஸ் ஆயிருந்தா?"

இதைக் கேட்டதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது ஒரு தப்பு என்றால், எழுதக் கூடாததை எழுதுவது இன்னொரு தப்பு. அதற்கும் நம்மிடம் பெரிய வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் கைரேகை கேட்கின்றன. அந்தக் கைரேகை முறை வளர்ந்தது இந்தியாவில். வில்லியம் ஹெர்ஷல் 1858-ல் வங்காளத்தில் ஒப்பந்தப் பத்திரத்தில் கைப்பதிவு வாங்கினார். உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் வந்தது. அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

அந்தக் கைரேகையை வெள்ளைக்காரன் எதற்குப் பயன்படுத்தினான்? சென்னையில் நான்கு பெண்கள் நர்சிங் படிக்க ஆரம்பித்த அதே 1871-ல்தான் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். தென்மாவட்டங்களில் இன்றும் பெரியவர்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெண். மெட்ராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்.

அது பழைய கதை என்று விடவும் முடியவில்லை. கூடங்குளம் போராட்டத்தில் வழக்கு வாங்கிய இடிந்தகரை இளைஞர்களுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காமல் போனது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளை 2021-ல் தமிழக அரசு வாபஸ் வாங்கியபோது, மேற்படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று கொடுப்பதாகவும் அறிவிக்க வேண்டியிருந்தது. அதாவது போராடியதற்குப் போட்ட வழக்கு, படிப்பையும் வேலையையும் பிடித்து நிறுத்தியிருந்தது.

எங்கள் பக்கம் 2023 டிசம்பரில் மட்டும் இரண்டு சம்பவம். வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அது ஆறுவதற்குள் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அதற்குப் பிறகு மக்கள் எத்தனை நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள்! அப்படி உட்கார்ந்த வீட்டிலும் நர்சிங் படிக்கிற பெண் இருப்பாள். வடசென்னைக்காரன் என்றாலே சினிமாவில் ரவுடி. ரெகார்டிலும் அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் யார் அழிப்பது?

சட்டம் இதில் சுத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு வேலைக்கான சரிபார்ப்பு பற்றி விரிவாகப் பேசியது. கேட்ட தகவலை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதே நேரம் சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற சிறிய வழக்கைப் பெரிய குற்றத்தோடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்ற பொருளில் வழி சொன்னது. 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குள் செய்த தப்பு, ஒரு சில கடுமையான வழக்குகள் தவிர, பிற்காலத்தில் தகுதியிழப்பு ஆகாது.

அப்போ சோதனை வேண்டுமா, வேண்டாமா?

என் கருத்து: வேண்டும். மயக்கத்தில் படுத்திருப்பவருக்காகப் பேச அந்த ராத்திரியில் வேறு யாரும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்கள் கூடவே இருக்க வேண்டும்.

ஒன்று, எந்தக் குற்றம் என்று பார்க்க வேண்டும். நோயாளியிடம் திருடியதும் தண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்ததும் ஒரே பெட்டியில் விழக் கூடாது. வழக்கு என்பதும் தண்டனை என்பதும் ஒன்றல்ல.

இரண்டு, ஆஸ்பத்திரியும் எழுத வேண்டும். தப்பு செய்தவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டுத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் நிர்வாகம்தான் கல்லனையும் ஹோகலையும் வளர்த்தது. 2023-ல் இங்கே வந்த தேசிய நர்சிங், மகப்பேறுப் பணி ஆணையச் சட்டத்தில் நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம், நாடு முழுக்க ஒரே ஆன்லைன் பதிவேடு எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஆஸ்பத்திரிகள் உண்மையை எழுதினால் பலன் உண்டு.

மூன்று, சோதனை சிஸ்டரோடு நிற்கக் கூடாது. 1973-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸைத் தாக்கி, 42 வருடம் படுக்கையில் கிடக்க வைத்தவர் அங்கேயே வேலை பார்த்த ஒரு ஊழியர். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டரைக் கொன்றதாகத் தண்டனை பெற்றவர், போலீஸ் சேர்த்திருந்த ஒரு தன்னார்வலர். அப்படிப்பட்டவர்களை எப்படிச் சரிபார்த்துச் சேர்க்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றமே அப்போது கேட்டது. நர்ஸின் பின்னணியைத் தோண்டும் நாம், நர்ஸுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்றும் பார்க்க வேண்டாமா?

ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருப்பது பழைய ஜெயில் ரோட்டில். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அதே ரோட்டில் ஜெயில் இருந்த இடத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், ஒரே ரோட்டில் ஆஸ்பத்திரியும் ஜெயிலும் இருந்திருக்கிறது, ரோட்டின் பெயர் மட்டும் இன்னும் ஜெயில் பக்கமே நிற்கிறது என்று.

அக்காவுக்கு போன வாரம் பி.சி.சி. வந்துவிட்டது. ரோட்டில் எழுதிய பெயர் எங்கேயும் ஏறவில்லை போலிருக்கிறது. கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்கு எதிரான தகவல் எதுவும் இல்லை என்ற அர்த்தத்தில் நாலு வரி, ஒரு முத்திரை.

"இதுக்குத்தானா இவ்ளோ பயந்தேன்" என்று சிரித்தார். அப்புறம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதினோரு வருஷம் பாத்த நைட் டியூட்டி பத்தி ஒரு வார்த்தை இல்லையே தம்பி" என்றார்.

நைட்டிங்கேல் சொன்னது அதைத்தான் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். பேக்கிங் வேலை நிறைய இருந்தது, சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் நர்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் போன் வந்த நாளில் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று.